தில்லைவனத்தில் ஒரு மூணு பொட்டு!

சிதம்பரம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? நடராஜர் கோயில், அண்ணாமலை யுனிவர்சிட்டி, சம்பா சாதம், கத்திரிக்காய் கொத்சு... எனக்கு ஒரு அந்துப்பூச்சி ஞாபகம் வரும். சிரிக்காதீங்க. ராத்திரி டியூப்லைட்டைச் சுத்திச் சுத்தி வந்து, கடைசியில் சாம்பார் கிண்ணத்தில் விழுந்து உங்க சாப்பாட்டைக் கெடுக்குமே, அந்தக் கோஷ்டியில் ஒன்று. அது யாருன்னு கண்டுபிடிக்கிற சாக்கில் கடலூரில் ஆரம்பிச்சு பிச்சாவரம் வரை ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம், வாங்க. செலவு கம்மி. ஒரு டார்ச், ஒரு வெள்ளை வேட்டி, ஒரு காய்ந்த புல் போதும். புல் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

முதலில் என் சோகக் கதையைக் கேட்டுடுங்க. நான் வேளாண்மை படிச்சவன். அந்தப் படிப்பில் பூச்சி சேகரிப்புன்னு ஒரு சமாசாரம் உண்டு. வலையைத் தூக்கிக்கிட்டு வயல் வரப்பெல்லாம் அலைஞ்சு, பிடிச்சதைப் பலகையில் வெச்சு இறக்கையை விரிச்சுக் காயவிட்டு, ஊசி குத்தி, பெயர்ச் சீட்டு எழுதி, கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் அடுக்கிக் கொடுக்கணும். பெட்டி மூலையில் நாலு அந்துருண்டை. (அந்துப்பூச்சியை விரட்டக் கண்டுபிடிச்ச உருண்டையைப் போட்டு அந்துப்பூச்சியைப் பாதுகாக்கிறோம் பாருங்க!) சமர்ப்பிக்கிற தேதி நெருங்கினப்ப, இறக்கையை விரிக்கிற வேலைக்குச் சோம்பல்பட்டு, நாலு அந்துப்பூச்சிகளை மூடின இறக்கையோடவே காயவெச்சுட்டேன். ஒன்று வெளுத்த செம்பழுப்பு. இன்னொன்றுக்கு இறக்கையின் கீழ்ப் பாதி மட்டும் கருத்து, மையைக் கொட்டினது மாதிரி. மூணாவது சாம்பல். நாலாவதுக்குக் குறுக்கே நெளிநெளியாய்க் கோடு. நாலு உருவம், நாலு சீட்டு, நாலு லத்தீன் பெயர்!

வாத்தியார் பெட்டியைத் திறந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். ஊசி முனையால் முதல் பூச்சியின் மேல் இறக்கையை மெதுவாக நெம்பித் தூக்கினார். இரண்டாவது, மூணாவது, நாலாவது. “தம்பி, நாலும் ஒரே ஆள்தான்யா. சட்டையை மாத்திட்டு வந்தா நாலு பேரா?” அவ்வளவுதான். மார்க் போனது கூடப் பரவாயில்லை. அந்த மேல் இறக்கைக்கு அடியில் நான் பார்த்ததுதான் இன்னைக்கு வரைக்கும் மறக்கலை. நாலு பூச்சிக்கும் உள் இறக்கை ஒரே மாதிரி. நல்ல கறுப்பு. நடுவில் வெள்ளைப் பட்டை. ஓரத்தில் வரிசையாகப் பெரிய வெள்ளைப் பொட்டு, மூணு!

‘தசாவதாரம்’ படத்தில் கமல் பத்து கெட்-அப்பில் வந்தாரே, ஞாபகம் இருக்கா? 2008-ல் வந்தது. மூக்கு வேற, தாடி வேற, கலர் வேற. ஆனா கண்ணைப் பார்த்தா பிடிச்சிடலாம். இந்தப் பூச்சிக்குக் கண் இருக்கிற இடம் உள் இறக்கை. அந்தப் படமே சிதம்பரத்தில்தான் தொடங்கும் என்பது கூடுதல் தகவல்.

ஆசாமி பெயர் அகேயா ஜனாட்டா. 1758-லேயே லின்னேயஸ் பெயர் வெச்சுட்டார். நம்ம விவசாயிகளுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது, தேவையும் இல்லை. அவங்களுக்கு இதோட பிள்ளையைத் தெரியும், அதுதான் ஆமணக்குக் காவடிப்புழு. நடக்கும்போது பின் உடம்பை முன்னால் இழுத்து, முதுகை வில்லாக வளைச்சுத் தூக்கும். பார்த்தா அசல் காவடி. எவ்வளவு அழகான பெயர்! லின்னேயஸ் பழனிக்கு வந்திருந்தா அவரும் இதைத்தான் வெச்சிருப்பார்.

இப்ப கடலூருக்கு வாங்க. பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் எல்லாரும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குத்தான் ஓடுவாங்க. நமக்கு அது வேண்டாம், கடல் காற்றில் பூச்சி நிற்காது. ஊரைத் தாண்டி மணிலாக் கொல்லை பக்கம் போங்க. (இந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்குப் பெயர் மணிலாக்கொட்டை.) வரப்பு ஓரம் ஆமணக்குச் செடி நட்டிருக்கிற கொல்லையாகப் பார்த்து நில்லுங்க. எண்ணெய்க்கு மட்டும் நடுற செடி இல்லை அது. புகையிலை வெட்டுப்புழுவின் தாய்ப்பூச்சிக்கு ஆமணக்கு இலைன்னா உயிர். கடலையை விட்டுட்டு இதில் வந்து குவியலாக முட்டை போடும். அந்த இலையைக் கிள்ளி எடுத்துட்டா கடலை தப்பிச்சது. அதாவது ஆமணக்கு ஒரு பொறி. அந்தப் பொறியிலேயே நம்ம காவடிக்காரரும் வந்து உட்கார்ந்து மேய்வார். அவர் மேய்ஞ்சா இலையில் நரம்பு மட்டும்தான் மிச்சம். புழுவிலும் ஒரே கலர் கிடையாது. கறுப்பு, சாம்பல், பழுப்பு, பக்கவாட்டில் சிவப்போ மஞ்சளோ கோடு என்று அண்ணன் தம்பிக்கே சம்பந்தம் இருக்காது.

வளர்ந்து பெரியவரானதும் இலை போரடிச்சுடும். அப்புறம் பழம். கொய்யா, எலுமிச்சை வகைகளில் குழலைக் குத்திச் சாறு உறிஞ்சுவார். சின்ன வயசில் இலை, பெரிய வயசில் ஜூஸ்!

இருட்டினதும் வேட்டியை இரண்டு குச்சிக்கு நடுவில் கட்டி, பின்னால் விளக்கு வையுங்க. இப்ப தெருவுக்குத் தெரு எல்.இ.டி. வந்துட்டதால் பழைய பாதரச விளக்கு காலத்து மாதிரி பூச்சி குவியறதில்லை. பூச்சிக்குப் பிடிச்ச புறஊதா வெளிச்சம் எல்.இ.டி.யில் கிட்டத்தட்ட இல்லை. அதனால பழைய டியூப்லைட்டே உத்தமம். இன்னொண்ணு, பௌர்ணமியில் போய் நின்னுட்டு ‘ஒண்ணுமே வரலை’ன்னு என்னைத் திட்டாதீங்க. அமாவாசைக்கு முன்னே பின்னே போங்க. விளக்கு வெச்ச இடத்தில் நிலத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இல்லைன்னா கொல்லையில் யாரோ வெள்ளையாய் நிக்கிறதா ஊரே திரண்டு வந்துடும். எங்களுக்கு வந்தது.

வேட்டியில் ஒரு பழுப்புப் பூச்சி உட்கார்ந்திருக்கு. இரண்டு இறக்கையும் மடிஞ்சு முக்கோணமா, கூரை போட்ட மாதிரி. விரிச்சா 6 சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. நீங்க பார்க்கிறது மேல் இறக்கை மட்டும்தான். அது மரப்பட்டை மாதிரி, சருகு மாதிரி இருப்பதே பகலில் யார் கண்ணிலும் படாம ஒளிஞ்சுக்கத்தான். பட்டைகள் ஒரே மாதிரி இல்லையே, அதனால் இறக்கைகளும் ஒரே மாதிரி இல்லை. இப்பதான் காய்ந்த புல். பின்னாலிருந்து மெல்லத் தொடுங்க. திடுக்கிட்டு மேல் இறக்கையை முன்னால் தள்ளும். ஒரு நொடி கறுப்பு வெள்ளை பளிச்! ஒரு குருவியை மிரள வைக்க அந்த ஒரு நொடி போதும். உங்களுக்கு அடையாளம் பிடிக்கவும் அதே ஒரு நொடிதான். கையால் பிடிச்சு நசுக்கிட்டு ‘பொட்டு எங்கே’ன்னு தேடாதீங்க, அந்தப் பொட்டெல்லாம் பொடி பொடியான செதில்கள். உங்க விரலில் ஒட்டிக்கும்.

உள் இறக்கை ஆரஞ்சு கலரில் இருந்தா ஆளே வேற. பெரும்பாலும் யூடோசிமா என்ற பழம் உறிஞ்சியாக இருக்கும், அது புழுவாக இருந்தபோது சீந்தில் கொடி தின்னு வளர்ந்தது. பழுப்பாகவே இருந்தா ராத்திரி ரொம்ப நேரம் உட்காரணும், அந்த லிஸ்ட் பெரிசு. அதுக்கு ஒரு மனுஷன் உட்கார்ந்தார். ஹாம்ப்சன்னு ஒரு வெள்ளைக்காரர், நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்தவர். தேயிலையை விட்டுட்டு விளக்கைச் சுத்தி வந்ததைப் பிடிக்க ஆரம்பிச்சார். 1892-லிருந்து 1896-க்குள் இந்தியா, இலங்கை, பர்மாவின் அந்துப்பூச்சிகளை நாலு வால்யூமாக எழுதி முடிச்சுட்டார். இன்னைக்கும் நம்ம ஊரில் அந்துப்பூச்சி படிக்கிறவங்க அவர்கிட்ட போகாம தப்பிக்க முடியாது.

காலையில் சிதம்பரம் பஸ். சிப்காட் தாண்டும்போது ஜன்னலைச் சாத்திக்குங்க, காரணம் மூக்குக்கே தெரியும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். இங்கே இடது பக்கம் திரும்பினா பரங்கிப்பேட்டை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கேதான் இருக்கு. நேராப் போய் வெள்ளாற்றைத் தாண்டினா சிதம்பரம்.

இந்த ஊருக்குப் பழைய பெயர் தில்லை. கோயிலின் தல மரமும் தில்லை. ‘தில்லைவாழ் அந்தணர்’, ‘தில்லைக் காளி’ன்னு எங்கே திரும்பினாலும் தில்லை. கடைப் பலகையில் தில்லை, கல்யாண மண்டபத்தில் தில்லை. சரி, மரத்தைக் காட்டுங்கன்னு கீழ வீதியில் ஒரு பூக்கார அம்மாகிட்ட கேட்டேன். “இங்க எங்க தம்பி இருக்கு? பிச்சாவரம் போனா பார்க்கலாம்”னாங்க. ஒரு காலத்தில் இந்த ஊரையே மூடியிருந்த காடு இப்ப 15 கிலோமீட்டர் தள்ளி, கடலோரமா ஒதுங்கி நிக்குது. ஊர் பெயரை வெச்சுக்கிச்சு, மரத்தை விட்டுடுச்சு.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியா பஸ் இருக்கு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்கிற இடத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. 1975-ல் எம்.ஜி.ஆர். ‘இதயக்கனி’க்காக இங்கே வந்தார், படகுக்காரங்க இன்னமும் அந்தக் கதையை நேத்து நடந்த மாதிரி சொல்வாங்க. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தப்ப, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் அடி குறைவு என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தாச்சு.

துடுப்புப் படகு எடுங்க. மோட்டார் படகில் போனா பூச்சி என்ன, பறவையே தெரியாது. முதலில் வேரை ஊன்றிக்கிட்டு நிற்கிற சுரபுன்னை, அப்புறம் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாய் மூச்சு வேர் நீட்டுற வெண்கண்டல். தில்லை கொஞ்சம் உள்ளே, கரை மேடான பக்கம் இருக்கும். ஆலமரம் சைஸில் எதிர்பார்க்காதீங்க, சாதாரண மரம்தான். ஆனா இலையைக் கிள்ளினா வெள்ளையா பால் வரும். நான் கையை நீட்டினதும் படகுக்கார அண்ணன் துடுப்பால் தட்டிட்டார். “தொடாதீங்க தம்பி, கண்ணுல பட்டா அவ்வளவுதான்.” லத்தீனில் இதுக்குப் பெயர் எக்ஸ்கோயக்கேரியா. குருடாக்குவதுன்னு அர்த்தம் வர்ற வார்த்தையிலிருந்து எடுத்தது. நடராஜருக்கு நிழல் கொடுத்த மரம் லேசுப்பட்டது இல்லை.

இங்கேதான் நம்ம பூச்சிக் கதை சூடு பிடிக்குது. தில்லை எந்தக் குடும்பம் தெரியுமா? ஆமணக்குக் குடும்பம்! இரண்டிலுமே விஷம் உண்டு. சாதாரணப் புழுவுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே பயம். ஆனா அகேயா வம்சத்துக்கு இது தாய் வீட்டுச் சாப்பாடு. ஜனாட்டாவுக்கு ஒரு பங்காளி உண்டு, அகேயா சர்வா. அவர் தில்லை இலையை விரும்பிச் சாப்பிடுவார். ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து கடற்கரையில் இதே தில்லை மரங்களில் சர்வா புழுக்கள் படையாக வந்து இலையை மொட்டையடிச்சதை 1997-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதியிருக்காங்க. இந்தியாவிலும் சர்வா உண்டு.

இரண்டுக்கும் மேல் இறக்கையை வெச்சு வித்தியாசம் கண்டுபிடிக்கலாம்னு நினைச்சா என் கதிதான் உங்களுக்கும். சர்வாவும் வேளைக்கொரு சட்டை போடுற ஆசாமி. உள் இறக்கைக்குத்தான் போகணும். இரண்டுமே கறுப்பு, இரண்டுக்கும் நடுவில் வெள்ளைப் பட்டை. ஓரத்தைப் பாருங்க. ஜனாட்டாவுக்கு அந்த மூணு பெரிய பொட்டு. சர்வாவுக்குப் பொட்டு கிடையாது, ஓரத்துக் குஞ்சம் மட்டும் நுனியிலும் நடுவிலும் அடியிலும் வெளுத்திருக்கும்.

‘எந்த இடத்தில் பார்த்தோமோ அதை வெச்சே சொல்லிடலாமே, காட்டில் இருந்தா சர்வா, கொல்லையில் இருந்தா ஜனாட்டா’ன்னு குறுக்கு வழி தோணும். எனக்கும் தோணுச்சு. இடம் ஒரு நல்ல சாட்சிதான், ஆனா ஒரே சாட்சியா இருந்தா கவுத்துடும். தேக்கு இலையைத் தின்கிற ஹிப்லேயா பியூரா என்ற பூச்சியை எடுத்துக்குங்க. கேரளாவில் நிலம்பூர் தேக்குத் தோட்டங்களை வருஷா வருஷம் படுத்துற ஆள். மலையடிவாரத்துப் பூச்சின்னுதானே நினைப்போம்? அது மும்பையில் கடலோர வெண்கண்டல் காட்டையும் கூட்டமாக வந்து மேயுது. அதுக்கும் மேல் இறக்கை ஆளுக்கு ஆள் மாறும், உள் இறக்கையில் கறுப்பு மேல் ஆரஞ்சுத் திட்டு. இடத்தை மட்டும் பார்த்திருந்தா ‘இது ஏதோ கடலோரப் புதுப் பூச்சி’ன்னு எழுதிட்டிருப்போம்.

எங்களுக்குப் பின்னால் வந்த படகில் ஒரு காலேஜ் கோஷ்டி. ஒரு வளைவில் தில்லை மரம் பாதி மொட்டையா, மிச்ச இலை செக்கச்செவேல்னு நின்னது. “ஐயோ, காடு சாகுதுடா! பூச்சி விழுந்துருச்சு. ஃபாரஸ்ட்காரங்க மருந்து அடிக்க மாட்டாங்களா?” போன் எடுத்து வீடியோ ஆரம்பிச்சுட்டாங்க. எங்க அண்ணன் துடுப்பை நிறுத்தாமலே சொன்னார். “அது பழுத்த இலைங்க. தில்லை அப்படித்தான் சிவந்து கொட்டும். மறுபடி துளிர்க்கும்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. தப்பா அடையாளம் கண்டா எனக்குப் போனது மார்க் மட்டும்தான். இங்கே அப்படி இல்லை. ஆமணக்குக் கொல்லையில் காவடிப்புழு மிஞ்சிப் போனா விவசாயி மருந்து அடிப்பார், அது அவர் பிழைப்பு. அதே பூச்சிதான்னு நினைச்சு அதே மருந்தை இந்த வாய்க்காலில் அடிச்சா? பூச்சிக்கொல்லிக்குப் பூச்சியும் இறாலும் ஒண்ணுதான், இரண்டும் ஒரே பெரிய வம்சம், கணுக்காலிகள். இந்தச் சேற்றில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளருது. இடுப்பளவு தண்ணியில் இறங்கி, வலைகூட இல்லாம கையால் தடவியே இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் இந்தப் பக்கம் இருக்காங்க. மரம் இலையை இழந்தா துளிர்க்கும். மும்பை வெண்கண்டல்களும் மொட்டையான பிறகு துளிர்த்தன, புழு வந்த நாட்களில் பறவைகளுக்கு விருந்து வேற. வாய்க்கால் இறால் மருந்தில் செத்தா அந்த வீட்டில் அன்னைக்கு உலை இல்லை.

பழுத்துக் கொட்டினதா, புழு தின்னதான்னு படகில் உட்கார்ந்தபடியே சொல்லலாம். பழுத்த இலை முழுசா, சிவப்பா தண்ணியில் மிதக்கும். புழு தின்ன மரத்தில் பச்சை இலை ஓட்டை ஓட்டையாய், ஓரம் கடிபட்டு, நடு நரம்பு மட்டும் குச்சியாய் நிற்கும். படகுக்கு அடியில் மிளகுப் பொடி தூவினாப்பல எச்சம் மிதக்கும். நாங்க பார்த்த மரத்துக்குக் கீழே சிவப்பு இலைதான் மிதந்தது.

ஒரு விஷயம், இது காப்புக்காடு. வலை, டப்பா எல்லாம் கடலூரோட மூட்டை கட்டிடுங்க. இங்கே வனத்துறை அனுமதி இல்லாம எதையும் பிடிக்கக் கூடாது, இலையைக் கிள்ளவும் கூடாது (கண்ணுக்கும் நல்லதில்லை). ராத்திரி படகும் கிடையாது. அதனால பூச்சி பார்க்க ஒரே வழி, விடியற்காலையில் கரையோரம் ராத்திரி முழுக்க விளக்கு எரிஞ்ச சுவர்களை மேய்வது. மத்தவங்க படகு டிக்கெட்டுக்கு வரிசையில் நிக்கும்போது நீங்க சுவத்தை முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிப்பீங்க. நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பாங்க. பழகிக்கணும்.

திரும்பும்போது கிள்ளையில் ஒரு டீக்கடை. ஓலைத் தட்டியில், பல்புக்குக் கீழே ஒரு பூச்சி. சாம்பல் கலந்த பழுப்பு, தோளில் கறுப்பாய் ஒரு தீற்று. நான் இதுவரை பார்க்காத கெட்-அப்! மனசு அடிச்சுக்க ஆரம்பிச்சது. காடு கூப்பிடுற தூரத்தில் இருக்கு. தில்லை இருக்கு. சர்வாதான், சந்தேகமே இல்லை. கையில் புல் இல்லை. கடைக்காரர் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினேன், அவர் ஒன்றும் சொல்லலை. மெல்லத் தொட்டேன்.

பளிச்.

ஒண்ணு, ரெண்டு, மூணு.

“என்ன தம்பி, அதுல என்ன இருக்கு?” கடைக்காரர் டீயை ஆத்திக்கிட்டே கேட்டார். “அண்ணே, பக்கத்தில் எங்கேயாவது ஆமணக்கு இருக்கா?” அவர் கடைக்குப் பின்னால் கையைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். குப்பைமேட்டு ஓரம், ஆள் உயரத்தில் இரண்டு செடி. இலையெல்லாம் ஓட்டை, நரம்பு மட்டும் மிச்சம்.

பிச்சாவரத்தில் சர்வாவை நான் இன்னும் பார்க்கலை. நீங்க போனா தட்டியெல்லாம் பாருங்க. பொட்டு இல்லாம, குஞ்சம் மட்டும் வெளுத்து ஒருத்தர் மாட்டினா, ஈர்க்குச்சியை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் தயாரா வெச்சுக்குங்க. ஒரு நொடிதான் காட்டுவார். டீக்கடைக்காரர்கிட்ட துடைப்பத்துக்கு என் பெயரைச் சொல்லாதீங்க, ஏற்கெனவே மூணு குச்சி பாக்கி.